கடையிலேயே தங்கிவிட்ட வெளிச்சம்

அங்கயற்கண்ணி இருபத்தாறு வருஷம் அடுத்தவர் வெளிச்சத்தில் குடித்தனம் நடத்தியவள். செல்லூரில் இருந்த முதல் வாடகை வீட்டில் நாற்பது வாட் பல்புக்கு மேல் போடக் கூடாது என்று வீட்டுக்காரர் அவள் பால் காய்ச்சிய அன்றைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆரப்பாளையத்தில் வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எத்தனை பல்பு எரிகிறது என்று விரல்விட்டு எண்ணினார். சிம்மக்கல்லிலோ மெயின் ஸ்விட்சே மாடியில் வீட்டுக்காரரின் கட்டில் தலைமாட்டில் இருந்தது, தனக்குத் தூக்கம் வந்துவிட்டால் கட்டடத்துக்கே தூக்கம் வந்தாக வேண்டும் என்பது அவருடைய கொள்கை, ஒன்பது மணிக்கு டப்பென்று ஆஃப் பண்ணிவிடுவார், கீழே யார் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், யார் மீனில் முள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு எதற்கு. அப்படி ஒரு நாள் கெண்டைக் குழம்பு வைத்திருந்தபோது விளக்கு போய், அவள் கணவர் வீரபத்திரனுக்குத் தொண்டையில் முள் சிக்கிக்கொண்டது. அங்கயற்கண்ணி இருட்டில் அவர் வாயைத் தடவித் தேடி, வெறும் சோற்றை உருண்டை உருண்டையாக உருட்டிக் கொடுத்தாள், பதினோராவது உருண்டையில் முள் இறங்கியது. அன்றைக்கே அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்: சொந்த வீடு என்று ஒன்று கட்டினால், ஹாலில் ஒரு விளக்கு, முள் முள்ளாக எடுக்கிற அளவுக்கு வெளிச்சம், ஸ்விட்ச் என் கைக்கு எட்டுகிற இடத்தில், எப்போது ஆஃப் பண்ணுவது என்பது என் இஷ்டம்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் கழித்து ஆனையூரில் இரண்டு அறையும் ஒரு ஹாலுமாக வீடு எழும்பியது. சுவர் எழும்புவதற்கு முன்பே அவள் விளக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். கண்ணாடிக்காரச் சந்தில் ஒரு கடை வாசலில் நின்று பார்த்தது, பித்தளைத் தண்டில் ஐந்து கண்ணாடிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றும் பாதி விரிந்த தாமரை மாதிரி, உள்ளே தேன் நிறத்தில் பல்பு. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறவர்களிடம் அவள் விளக்கைப் பற்றித்தான் பேசினாள், அவர்கள் கடைக்கால் ஆழத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீரபத்திரனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கடைக்காரர்களின் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை வைக்கிற ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அத்தனை வருஷத்தில் அவர் நம்பிய தராசு ஒன்றுகூட இல்லை. தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பதெல்லாம் எல்லோரும் செய்வது. இவர் தேங்காய்க்காரரையும் ஆடச் சொல்லாத குறைதான். குடை வாங்கினால் கடைக்காரரை ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றச் சொல்வார். பெண் பார்க்க வந்த அன்று, கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கயற்கண்ணியிடம் அன்றைய பேப்பரைக் கொடுத்து நாலு வரி சத்தமாக வாசிக்கச் சொன்னவர் இவர், கண்ணும் நாக்கும் ஒரே சோதனையில் தெரிந்துவிடும் என்று. அவள் அரிசி விலை நிலவரத்தை வாசித்தாள். அதை அவள் இன்றைக்கு வரை மறக்கவில்லை, ஆனால் வாய் தவறாமல் வாசித்தோம் என்கிற பெருமையும் அவளுக்கு உண்டு.

மதுரையில் விளக்கு வாங்குவதென்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒற்றைக் குண்டு பல்பாக இருந்தாலும் சரி, கல்யாண மண்டபத்துக் கொத்து விளக்காக இருந்தாலும் சரி, கடைக்காரர் அதை டெஸ்டிங் போர்டில் மாட்டி எரியவிட்டுக் காட்டுவார், நீங்கள் ‘ம்’ என்பீர்கள், அவர் கழற்றி அட்டைப்பெட்டியில் போடுவார். எரியவிட்டுக் காட்டாமல் கொடுக்கிறவரும் இல்லை, பார்க்காமல் வாங்குகிறவரும் இல்லை. ‘டெஸ்ட் செய்யாமல் எடுத்துச் செல்லும் பொருள் மாற்றித் தரப்பட மாட்டாது’ என்று ஒவ்வொரு கடையிலும் சிவப்பு எழுத்தில் எழுதிப் போட்டிருக்கும், ஆனால் அப்படி யாரும் எடுத்துச் சென்றதாக வரலாறு இல்லை.

கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் முன்பு இருவரும் கண்ணாடிக்காரச் சந்துக்குப் போனார்கள். பத்தொன்பது விளக்குக் கடைகள் உள்ள அந்தச் சந்தில் வீரபத்திரன் பதினெட்டுக் கடைகளில் ஏறி இறங்கினார், கடைசியில் அவள் முன்பே விளக்கைப் பார்த்து வைத்திருந்த ராஜகனி லைட் சென்டருக்கே வந்து சேர்ந்தார்கள். ராஜகனி அண்ணாச்சி சிவகாசிப் பக்கத்துக்காரர், பேச்சைவிடப் புன்னகை அதிகம் செலவழிக்கிற வியாபாரி. விளக்கைக் கூரைக் கொக்கியில் மாட்டி ஸ்விட்சைத் தட்டினார். ஐந்து தாமரையும் எரிந்தன. அங்கயற்கண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. அவள் ‘ம்’ என்று சொல்வதற்குள் வீரபத்திரன் கையை உயர்த்தி, எரியட்டும், அவசரமில்லை என்றார்.

ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி விளக்குக்குக் கீழே உட்கார்ந்தார். அரை மணி நேரம் போனது. கண் சிமிட்டுகிறதா, முனகுகிறதா, சூடேறினால் நிறம் மாறுகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். டீ வந்தது, குடித்தார். வேறு வாடிக்கையாளர்கள் வந்து, அந்த வெளிச்சத்திலேயே வேறு விளக்குகள் வாங்கிக்கொண்டு போனார்கள். இன்னொரு டீ வந்தது. மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, சரி, கட்டுங்க என்றார். விளக்கை இறக்கும்போது ராஜகனி அண்ணாச்சிக்கே அதைப் பிரிவது ஒரு மாதிரி இருந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் குத்துவிளக்கு ஏற்றிப் பால் பொங்கியது. சாயங்காலம் சொந்தக்காரர்கள் ஹாலில் கூடி அண்ணாந்து நிற்க, அங்கயற்கண்ணி தன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்த ஸ்விட்சை அழுத்தினாள். ஒன்றும் எரியவில்லை. எலெக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி, கரண்ட் வருகிறது, ஒயர் சரி, பல்பு சரி, கிண்ணம்கூடச் சூடாகிறது, எல்லாம் எரிகிறபடி எரிகிறது, வெளிச்சம் மட்டும்தான் இல்லை என்றார். ஓசூரிலிருந்து வந்திருந்த மகள் பித்தளைத் தண்டைத் தட்டிப் பார்த்தாள். அப்போது போன் அடித்தது. ராஜகனி அண்ணாச்சி.

“அக்கா, உங்க விளக்கு இங்கன எரியுது,” என்றார்.

போய்ப் பார்த்தார்கள். கடைக் கூரையில் வெறும் கொக்கி தொங்கியது, அதற்குக் கீழே தேன் நிறத்தில் வட்டமாக வெளிச்சம் விழுந்திருந்தது, தரையில் ஐந்து தாமரைகளின் இதழ் ஓரம்கூடத் தெரிந்தது. மகளுக்கு போன் போட்டு வீட்டில் ஸ்விட்சை ஆஃப் பண்ணச் சொன்னார்கள், இங்கே அணைந்தது. போடச் சொன்னார்கள், எரிந்தது. வீரபத்திரன் மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, வேலை செய்யுது என்றார்.

மீட்டர் பார்க்கிறவரிடம் முறையிட்டார்கள். அவர் வந்து பார்த்து, மீட்டர் நேர்மையாக ஓடுகிறது, கரண்ட் உங்கள் வீட்டில்தான் செலவாகிறது, வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்பது வீட்டுக்காரர் பாடு, அதற்கு எங்களிடம் படிவம் கிடையாது என்று சொல்லிவிட்டு, கிரகப்பிரவேச லட்டு இரண்டு வாங்கிக்கொண்டு போனார். வீரபத்திரனும் விடுகிற ஆளில்லை. அடுத்த கடையில் ஒரு ட்யூப் லைட் வாங்கினார், இந்த முறை ஏமாறக் கூடாதென்று ஐந்து மணி நேரம் எரியவிட்டுப் பார்த்து வாங்கினார், அதன் வெளிச்சம் அந்தக் கடையிலேயே தங்கிவிட்டது. அடுத்ததற்கடுத்த கடையில் ஒரு பல்பு, அதற்கும் அதே கதி. பழைய வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த அடுப்படி பல்பு மட்டும் விசுவாசமாக அடுப்படியில் எரிந்தது.

செய்தி ஊருக்குள் பரவியது. கண்ணாடிக்காரச் சந்தில் விளக்கு வாங்கினால் வெளிச்சம் கடையிலேயே நின்றுவிடுகிறதாம், ஆகவே நன்றாக எரியவிட்டுப் பார்த்து வாங்கு என்று ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொண்டார்கள். இரண்டு நிமிஷம் பார்த்து வாங்கியவர்களெல்லாம் இப்போது இரண்டு மணி நேரம் பார்த்தார்கள், சிலர் தூக்குச்சட்டியில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து நாள் முழுக்கப் பார்த்தார்கள், பார்க்கப் பார்க்க வெளிச்சங்கள் கடையில் தங்கின, தங்கத் தங்க ஜனங்கள் இன்னும் கூடுதலாகப் பார்த்தார்கள். ஆடி முடிவதற்குள் ராஜகனி கடையில் மட்டும் நாற்பத்தொரு வெறும் கொக்கிகள் எரிந்தன. பக்கத்து ஃபேன் கடைக்காரர், காற்றும் இப்படித் தங்கிவிட்டால் என்ன பண்ணுவது என்று பயந்து, ஃபேனைச் சுற்றவிடாமல் பெட்டியோடு விற்றார். எதிர்க் கடையில் ‘எங்கள் விளக்கின் வெளிச்சம் உங்களுடனேயே வரும்’ என்று போர்டு வைத்தார்கள், அதற்குப் பக்கத்துக் கடையில் ‘எங்கள் வெளிச்சம் உங்களுக்கு முன்பே போய்ச் சேரும்’ என்று வைத்தார்கள்.

வெளிச்சம் வராவிட்டால் என்ன, வெளிச்சம் இருக்கிற இடத்துக்கு நாம் போவோம் என்று ஜனங்கள் கிளம்பி வந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடும்பம் குடும்பமாகக் கடைக்கு வந்து அவரவர் கொக்கிக்குக் கீழே பாய் விரித்தார்கள். அவரவர் வெளிச்சத்தில் அவரவர் கீரை ஆய்ந்தார்கள், வீட்டுப்பாடம் எழுதினார்கள், தலைக்குச் சாயம் பூசினார்கள். கூடல்நகர்க்காரர் ஒருவர் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, பெண்ணைக் கடைக்கே அழைத்து வந்து தன் வீட்டு வெளிச்சத்தில் நிறுத்திக் காட்டினார். ‘கொஞ்சம் தள்ளி உக்காருங்க, உங்க நிழல் எங்க வெளிச்சத்துல விழுது’ என்று சின்னச் சின்னச் சச்சரவுகள் வந்தன. வியாபாரிகள் சங்கம் கூடி, வாடிக்கையாளருக்குச் சொந்தமான வெளிச்சத்தில் கடைக்காரர் வியாபாரம் பண்ணுவது தர்மமில்லை என்று தீர்மானம் போட்டது. ராஜகனி அண்ணாச்சி தர்மத்துக்குக் கட்டுப்பட்டவர். நாற்பத்தொரு விளக்கு எரிகிற கடையில், கல்லாப்பெட்டி மேல் கறுப்புக் குடை ஒன்றை விரித்துக் கட்டி, அதற்குள் தலையை விட்டு டார்ச் வெளிச்சத்தில் பில் எழுதினார்.

இதிலே ஒரு சங்கடம் இருந்தது. வெளிச்சம்தான் கடையில், ஸ்விட்ச் வீட்டில். ஒருவர் போட, ஒருவர் அனுபவிக்க வேண்டும். அங்கயற்கண்ணி கடைக்கு வந்து சேர்ந்ததும் போன் பண்ணுவாள், ஆனையூரில் இருட்டு ஹாலில் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற வீரபத்திரன் தட்டிவிட்டு, வந்துருச்சா என்பார். வந்துருச்சு என்பாள். கிளம்பும்போது மறுபடியும் போன் பண்ணுவாள், அவர் ஆஃப் பண்ணுவார். மூன்றரை மணி நேரம் சோதித்த குற்றம் தன்னுடையது என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் ஒரு நாள்கூட, இன்னைக்கு நான் போறேன், நீ போடு என்று அவர் சொல்லவில்லை.

ஜிப் மாற்றுகிற தாவூது பாய் அவளுக்குப் பழக்கமானது அப்போதுதான். கடை வாசலில் பிளாட்பாரத்தில் தையல் மெஷின் போட்டு, பள்ளிக்கூடப் பைக்கும் பயணப் பைக்கும் ஜிப் மாற்றுகிறவர், கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டிருப்பார். சந்தில் தெருவிளக்கு எரிந்த காலம் அவருக்கு நினைவில்லை, பொழுது சாய்ந்தால் மெஷினை மூடிவிட வேண்டியதுதான். அவளுடைய ஐந்து தாமரைகளில் ஒன்றின் ஓரம் படி தாண்டி அவர் மெஷின் மேல் விழுந்தது. அவர் எழுந்து வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, ஒங்க வெளிச்சம் கொஞ்சம் என் பக்கமும் விழுது. அதுல ஊசி கோத்துக்கிறட்டா?”

கோத்துக்கங்க பாய் என்றாள். இருபத்தாறு வருஷத்தில் வெளிச்சத்துக்காக அவளிடம் அனுமதி கேட்ட முதல் மனிதர் அவர். அன்று வீட்டுக்குப் போகிறவரை அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

இவ்வளவு இருந்தும் அவளுக்கு நிறைவில்லை. கெண்டைக் குழம்பு வைத்து டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு வந்து, தன் வெளிச்சத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒவ்வொரு முள்ளும் தெளிவாகத் தெரிந்தது, எடுத்து எடுத்து ஓரத்தில் அடுக்கினாள். அந்த மனுஷன் அங்கே வெறும் ரசச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஸ்விட்ச் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததும் மீன் ருசிக்கவில்லை. நன்றாகத் தெரிகிற முள்ளை எடுத்துக் கொடுக்க எதிரே ஒரு ஆள் வேண்டும், அது இல்லாவிட்டால் இந்த வெளிச்சம் எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது.

ஆவணியில் ஒரு சாயங்காலம், கை நிறைய மீனும் சோறுமாக இருக்கும்போது, அவள் வெளிச்சம் டப்பென்று போய்விட்டது. அவள் சோற்றை வாய்க்குக் கொண்டுபோன நிலையிலேயே அப்படியே உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் மற்றவர்கள் வெளிச்சமெல்லாம் எரிந்துகொண்டிருந்தது, அவள் தட்டில் கூடல்நகர்க்காரர் வெளிச்சம் கொஞ்சமும் வில்லாபுரத்துக்காரர் வெளிச்சம் கொஞ்சமுமாக விழுந்தது. வாசலில் தாவூது பாய் தைப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். இடது கையால் போன் பண்ணினாள்.

“கண்ணு அசந்துட்டேன், கயலு,” என்றார் வீரபத்திரன். “சாஞ்சதுல கை பட்டிருச்சு.”

விளக்கு மறுபடி எரிந்தது. அவளுக்குத்தான் ஆறவில்லை. சிம்மக்கல் வீட்டுக்காரரும் இப்படித்தான், தனக்குத் தூக்கம் வந்ததும் ஆஃப் பண்ணுவார், ஊரெல்லாம் சுற்றி வந்து சொந்த வீட்டைக் கட்டியும் அதே ஸ்விட்சுக்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஷேர் ஆட்டோவில் ஆறு பேருக்கு நடுவே, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஆனையூர் வரை வந்தாள். வீட்டில் அவர் ஸ்விட்சுக்குக் கீழே, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்படி வெளிச்சம் அவர் கால்வரைதான் எட்டியது. முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, தெரியவில்லை.

மறுநாள் கடையில் அவள் சாப்பிடவில்லை, வேடிக்கை பார்த்தாள். மினி பஸ் டிரைவர் சேவுகமூர்த்தி வந்தார். பத்து நாளைக்கு முன்பு சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, பயணிகள் கத்திக்கொண்டிருக்க, ஒரு விளக்கைக் கைகாட்டி, எரியும்லண்ணாச்சி, கட்டுங்க என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடியவர் அவர். இப்போது இன்னொன்று வேண்டுமாம், மச்சினிச்சி வீட்டுக்கு. முதல் விளக்கு என்னாச்சு என்று அங்கயற்கண்ணி கேட்டாள். என்னாகும், வீட்டுல எரியுது என்று சொல்லிவிட்டு, இதையும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஓடினார். அவள் கூரையைப் பார்த்தாள். நாற்பத்தொரு கொக்கிகளுக்குக் கீழே உட்கார்ந்திருந்த நாற்பத்தொரு குடும்பங்களையும் பார்த்தாள். அத்தனை பேரும் மணிக்கணக்கில் சோதித்து வாங்கியவர்கள். எந்த இடத்தில் முதலில் வெகுநேரம் எரிந்ததோ அதைத்தான் அந்த விளக்கு தன் வீடு என்று நினைத்துக்கொள்கிறது, இதிலென்ன அதிசயம், நாமும் அப்படித்தானே என்று அவளுக்குப் பட்டது.

வீரபத்திரனிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு நிமிஷம் மட்டும் போட்டுப் பார்க்கலாமே என்றார். உங்களுக்கு ரெண்டு நிமிஷம்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா என்றாள். போட்டுப் பார்க்காத பொருள் வீட்டுக்குள் வந்ததே இல்லை, கட்டிக்கொள்ள வந்தவளையே பேப்பர் படிக்கவிட்டவர் தான் என்பதை அவரே நினைவுபடுத்தினார். இரண்டு நாள் முற்றத்துக்கும் ஹாலுக்குமாக நடந்தார். மூன்றாம் நாள் அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

“எரியலன்னா என்ன பண்ணுறது?”

“எரியலன்னா ரெண்டு பேரும் ஒண்ணா இருட்டுல உக்காந்திருப்போம்,” என்றாள் அங்கயற்கண்ணி. “இப்ப நீங்க மட்டும்தான உக்காந்திருக்கீங்க.”

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவர் கடைப்படி ஏறியதும் சந்தே எழுந்து நின்றது, இன்றைக்கு எத்தனை மணி நேரமோ என்று. ராஜகனி அண்ணாச்சி அதே மாதிரி விளக்கு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, பழக்கத்தில் கொக்கிக்குத் தூக்கினார். வீரபத்திரனின் கை பாதி உயர்ந்தது.

“வேணாம்,” என்றார். “போட்டுக் காட்ட வேணாம். அப்படியே கட்டுங்க.”

பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தாவூது பாய் மெஷினிலிருந்து காலை எடுத்தார். அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது, விளக்கைக் கீழே இறக்கி, சிவப்பு எழுத்துப் போர்டைக் காட்டினார், மாற்றித் தர மாட்டேன் என்று பயமுறுத்திப் பார்த்தார், முப்பது வருஷத்தில் எரியாத பொருளைத் தெரிந்து ஒருவர் கையில் கொடுத்ததில்லை, இது எரியுமோ எரியாதோ எனக்கே தெரியாதே சார் என்று கெஞ்சிப் பார்த்தார். தெரியாமலே கொடுங்க என்றார் வீரபத்திரன். அட்டைப்பெட்டியில் வைக்கோல் திணித்துக் கட்டும்போது அண்ணாச்சியின் கை சணலில் இரண்டு முறை தவறியது. ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வீரபத்திரன் ஒரு முறைகூட ஆட்டிப் பார்க்காமல் வந்தார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று பக்கத்தில் இருந்த அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பழைய விளக்கைக் கழற்றி ஸ்டோர் ரூமில் மாட்டினார்கள், அதற்கான ஸ்விட்ச் அடுப்படி வாசலில் இருந்தது. புதியதை ஹால் கொக்கியில் மாட்டினார்கள். அங்கயற்கண்ணி கெண்டைக் குழம்பை நடுவில் வைத்து, இரண்டு தட்டு வைத்து, பிறகு போய் ஸ்விட்சை அழுத்தினாள்.

மூன்று தாமரைகள் எரிந்தன. இரண்டு எரியவில்லை.

வீரபத்திரன் உடனே ஏணி போட்டார். பல்புகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார், கழற்றினார், மாட்டினார், குறை பல்பில் இல்லை, தண்டுக்குள் ஏதோ ஒயரில் இருக்கிறது என்று தெரிந்தது. அவள் கீழே உட்கார்ந்து சிரித்தாள். எவ்வளவு நேரம் வேணும்னாலும் எரியவிட்டுப் பாருங்க, இங்கதான எரியுது என்றாள். அவர் ஏணியிலிருந்து இறங்கி, கை கழுவிவிட்டு, எதிரே வந்து உட்கார்ந்தார். மூன்று தாமரை வெளிச்சம் போதுமானதாக இருந்தது. அவர் இடது புருவத்தில் மூன்று முடி நரைத்திருப்பதையும், மேல் உதட்டில் ஒரு சின்னத் தழும்பு இருப்பதையும் அவள் பார்த்தாள், தழும்பு எப்போது வந்தது என்று கேட்டாள், அது பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்றார் அவர். அவள் முள்ளை எடுத்து எடுத்து மீனை அவர் தட்டில் வைத்தாள். மறுநாள் அவளே ஒயரை மாற்றச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார், அவள் சொல்லவில்லை, அந்த இரண்டு தாமரைகளும் இன்றைக்கு வரை எரிவதில்லை.

சேவுகமூர்த்தி செய்தியைப் பஸ்ஸில் சொல்ல, பஸ் ஊருக்குச் சொன்னது. ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு வந்து, எதையும் போட்டுப் பார்க்காமல், கைக்கு அகப்பட்ட விளக்கை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ராஜகனி கடையில் கொக்கிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பாய்கள் சுருட்டப்பட்டன, குடை மடிக்கப்பட்டது, அண்ணாச்சி தன் சொந்த ட்யூப் லைட்டில் பில் எழுதினார். புரட்டாசி பிறந்தபோது அது சந்தில் உள்ள மற்றப் பதினெட்டுக் கடைகளைப் போல ஒரு கடையாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அவர் போன் பண்ணினார். கேட்க ஒரு மாதிரியாத்தான் இருக்குக்கா என்று இழுத்தார். உங்க பழைய விளக்கு இன்னும் இருக்குல்ல, அதை ஒரு மணி நேரம் போட்டு விட்டா நல்லா இருக்கும், எனக்கில்ல, வெளிய ஒரு ஆளு ஆறு மணிக்கே மெஷினை மூடிட்டுச் சும்மா உக்காந்திருக்காரு, கேளுங்கன்னா கேக்க மாட்டேங்கிறாரு என்றார். அங்கயற்கண்ணி பேசிக்கொண்டே அடுப்படி வாசலுக்குப் போய் ஸ்விட்சை அழுத்தினாள். ஸ்டோர் ரூமில் ஒன்றும் தெரியவில்லை. போனில் தூரத்தில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து ஆறு மணிக்கு அவள் அதைப் போடுகிறாள். யாருக்கும் தெரியாமல் இருட்டாக எரிகிற அந்த விளக்குக்காக மீட்டர் ஓடுகிறது, வீரபத்திரன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. எட்டரை மணிக்கு, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஸ்விட்சில் விரலை வைத்தபடி அவள் கடைக்கு போன் பண்ணுகிறாள்.

“பாய் முடிச்சிட்டாரா, அண்ணாச்சி?”

“இன்னும் ஒரு பை இருக்குக்கா.”

“அவசரமில்ல, மெதுவாத் தைக்கச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு, அவள் ஸ்விட்சிலிருந்து விரலை எடுத்துக்கொள்கிறாள்.